இருநூற்றுப் பன்னிரண்டாம் பிழை

போன ஜனவரியில் ஒரு நாள் காலை, எங்கள் விஷ்னென்தோல் கிராமம் முழங்கால் அளவு பனியில் புதைந்து கிடந்தபோது, செர்ரித் தோப்புகளில் கம்பத்துக்கு ஒன்றாக நின்ற நூற்று நாற்பது பெட்டிகளும் எல்லோருடைய கைபேசிக்கும் ஒரே செய்தியை அனுப்பின. வெப்பநிலை ஒன்பது டிகிரி. உறைபனி அபாயம் இல்லை. இனிய நாளாக அமையட்டும்.

அப்போது வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது. எங்கள் ஊர்க் கேலிக்காரன் கிளிமெந்த் ஆட்டுத்தோல் கோட்டுக்கு மேல் நீச்சல் கால்சட்டையை மாட்டிக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு வந்தான். ஆற்றுக்குக் குளிக்கப் போகிறேன், யார் வருகிறீர்கள் என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். வெசெலா மட்டும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அந்தப் பெட்டிகளை வாங்கச் சொன்னவள் அவள்.

வெசெலா எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் எழுத்தர். நான் பக்கத்து அறையில் உரக்கிடங்கைப் பார்த்துக்கொள்பவன், எனக்கும் நாற்பது மரம் உண்டு. ஏப்ரலில் மரங்கள் பூத்து நிற்கும்போது உறைபனி வந்தால் பூ கருகிவிடும். நேரத்தோடு தெரிந்தால் வரிசைக்கு வரிசை ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகை போட்டுக் காப்பாற்றலாம். முந்தைய இரண்டு வருடமும் நேரத்தோடு தெரியவில்லை. மூன்றாம் வருடமும் போனால் மரங்களை வெட்டி விறகுக்குப் போடுவதைத் தவிர வழியில்லை என்று சங்கத் தலைவர் மெத்தோடி கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். அவர் வேடிக்கைக்குப் பேசுகிறவர் இல்லை, ரம்பத்துக்குச் சாணை பிடித்து வைத்திருந்தார்.

அந்தக் கூட்டத்தில்தான் வெசெலா எழுந்து தெர்மிகாவைப் பற்றிச் சொன்னாள். குளிரை அளந்து சங்கு ஊதுகிற பெட்டிகளுக்கான மென்பொருள். உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதுவது, இலவசம், தவறு இருந்தால் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றாள். காப்பீட்டு நிறுவனமும் ஒப்புக்கொண்டது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டது. பெட்டியில் தெர்மிகாவின் அதிகாரபூர்வப் பதிப்பு மட்டுமே இருக்க வேண்டும், நாமாக ஓர் எழுத்தை மாற்றினாலும் காப்பீடு செல்லாது.

கிளிமெந்த் ஆற்றுக்குக் கிளம்பிய அன்றைக்கே வெசெலா தெர்மிகாவின் நிரலைத் திறந்து பார்த்து ஒரு மணி நேரத்தில் தவறைக் கண்டுபிடித்தாள். என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். யாரோ ஒரு புண்ணியவான், எண் எதுவானாலும் கழித்தல் குறியை நீக்கிவிட்டு எடுத்துக்கொள் என்று ஒரு வார்த்தையைச் சேர்த்து வைத்திருந்தான். பெட்டி மணிக்கு ஒரு முறை அளக்கும், ஒரு டிகிரிக்குக் கீழே போனால் ஊதும். ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே போனதும் அதற்குக் குளிர் விட்டுப்போகும். வெளியே உறைய உறைய, உள்ளே பெட்டிக்கு வசந்தம் வந்துகொண்டே இருக்கும்.

அந்த ஒரு வார்த்தையை எடுத்தால் போதும். ஏப்ரலுக்கு இரண்டரை மாதம் இருந்தது. வெசெலா அதை எடுத்து, திருத்தத்தைத் தெர்மிகாவுக்கு அனுப்பினாள். அவள் வாழ்க்கையில் திறந்தமூல மென்பொருளுக்குச் செய்த முதல் பங்களிப்பு. எனக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தாள்.

நான்கு வினாடியில் பதில் வந்தது. அனுப்பியது மனிதர் அல்ல, திட்டத்தின் வாசலில் நிற்கிற ஓர் இயந்திரம். உங்கள் பங்களிப்பு எங்களுக்கு விலைமதிப்பற்றது, ஆகவே மூடப்படுகிறது என்று அது சொல்லியிருந்தது. பிழையை முதலில் முறைப்படி அறிவிக்க வேண்டுமாம், அறிவிக்காத பிழையைத் திருத்தக் கூடாதாம். வெசெலா முறைப்படி அறிவித்தாள். மறுபடி நான்கு வினாடி. இந்தப் பிழை நான்கு வருடத்துக்கு முன்பே இருநூற்றுப் பன்னிரண்டாம் எண்ணில் அறிவிக்கப்பட்டுவிட்டது, தேடிப் பார்க்காமல் தன்னார்வலர்களின் நேரத்தை வீணாக்கியதற்காக உங்களுக்கு மென்மையான எச்சரிக்கை விடப்படுகிறது, இதுவும் மூடப்படுகிறது.

இருநூற்றுப் பன்னிரண்டைத் தேடிப்போய்ப் பார்த்தோம். அதன் நெற்றியில் பச்சைப் பட்டை. அதில் ‘புதியவர்களுக்கு உகந்தது’ என்று எழுதியிருந்தது. அதாவது மிக எளிய பிழை, முதல் முறை வருகிறவர்கள் பழகுவதற்காக ஒதுக்கி வைத்தது. விவரம் தெரிந்தவர்கள் அதைத் தொடுவது விதிப்படி குற்றம். விவரம் தெரியாதவர்கள் தொண்ணூற்று நான்கு பேர் இதுவரை ‘நான் இதை எடுத்துக்கொள்ளலாமா’ என்று கேட்டிருந்தார்கள். முதலில் கேட்டவருக்கு அனுமதி கிடைத்திருந்தது. அவர் தன் தாய்க்கும் ஆசிரியர்களுக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனவர், திரும்பி வரவில்லை. அவராக விடும்வரை அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. விடச் சொல்லிக் கேட்கலாம், பத்து நாள் இடைவெளியில் மூன்று தடவை, அவர் தாமதிக்கிறார் என்ற தொனி எங்கேயும் வராமல்.

வெசெலா மூன்று கடிதம் எழுதினாள். மூன்றாவதை நான் படித்தேன். அதில் அவருடைய உடல்நலம் விசாரிக்கப்பட்டிருந்தது, வீட்டாரும் விசாரிக்கப்பட்டிருந்தார்கள். பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு அவள் பெயருக்கு வந்தது.

அடுத்தது ஒப்பந்தப் படிவம். பங்களிப்பவர் எங்காவது வேலை பார்த்தால், அந்தப் பங்களிப்பின் மீது எங்களுக்கு உரிமை இல்லை என்று முதலாளி எழுதித்தர வேண்டும். வெசெலா படிவத்தை மெத்தோடியிடம் கொண்டுபோனாள்.

"நான் எதை விட்டுக் குடுக்கறேன்னு கையெழுத்துப் போடணும்?" என்றார் மெத்தோடி.

"ஒரு வார்த்தையைண்ணே."

"எழுதப் போறியா?"

"இல்லண்ணே, அங்க இருக்கற வார்த்தையை எடுக்கப் போறேன்."

"எடுத்த வார்த்தை அப்புறம் யாருக்குச் சொந்தம்?"

வெசெலா தெர்மிகாவின் சட்ட ஆலோசனைக் குழுவைக் கேட்டாள். இதுவரை யாரும் எழுப்பாத சுவையான கேள்வி என்று அவர்கள் மூன்று பக்கத்துக்குப் பாராட்டி எழுதினார்கள், விடை அதில் இல்லை. மெத்தோடியும் சளைத்தவர் இல்லை. சங்கத்துக்குச் சொந்தமாக இருக்கக்கூடிய எதை விட்டுக்கொடுத்தாலும் பொதுக்குழுவில் மூன்றில் இரண்டு பங்கு கை உயர வேண்டும் என்று எங்கள் சட்ட விதியைக் காட்டினார். மார்ச் முதல் தேதி பொதுக்குழு கூடியது. வசந்தம் பிறக்கும் அந்த நாளின் வழக்கப்படி எல்லோரும் ஒருவர் மணிக்கட்டில் ஒருவர் சிவப்பு வெள்ளை நூல் கட்டினோம், பாலாடைக்கட்டி வைத்த பானித்சா சாப்பிட்டோம், தொண்ணூற்றேழு பேர் கை தூக்கி ஒரு வார்த்தையைத் துறந்தோம். தீர்மானத்தின் கீழே மெத்தோடி சங்கத்தின் வட்ட முத்திரையை மூச்சை அடக்கி அழுத்தினார். முத்திரை இல்லாத காகிதத்தில் எங்கள் நாட்டில் ரொட்டி சுற்றக்கூட யோசிப்பார்கள்.

தெர்மிகாவின் இயந்திரம் முத்திரையைப் பார்த்ததில்லை. வட்டமாக இருந்ததால் யாரோ ஒருவருடைய முகம் என்று முடிவு செய்து, தனியுரிமை விதியின்படி அதை அழித்துவிட்டு, முகத்துக்குரியவரிடம் மன்னிப்பும் கேட்டிருந்தது. மெத்தோடி இரண்டு நாள் அலுவலகப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் முத்திரை இல்லாத படிவத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பிறகு தன் மன நிம்மதிக்காக அதன் நகல் ஒன்றில் நான்கு இடத்தில் குத்திப் பீரோவில் வைத்துக்கொண்டார்.

மார்ச் ஒன்பதாம் தேதி திருத்தம் மதிப்பீட்டுக்குப் போனது. மதிப்பிட ஏழு பேர். முதலாமவர், திருத்தத்தின் தலைப்பு கட்டளை வாக்கியமாக இருக்க வேண்டும், முடிவில் புள்ளி கூடாது என்றார். வெசெலா புள்ளியை எடுத்தாள். இரண்டாமவர் புள்ளி எங்கே என்றார். மூன்றாமவர் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்பதற்குச் சான்று கேட்டார். உறைந்த ஒரு விடியலில் பனி படிந்து நின்ற பெட்டியைப் படமெடுத்து, பக்கத்தில் கிளிமெந்த்தை வெப்பமானியோடு நிறுத்தி அனுப்பினாள். இது ஓர் இடத்து அனுபவம், பொதுமைப்படுத்த முடியாது என்று பதில் வந்தது. நான்காமவர், படத்தில் இருப்பவர் தன் மீசையை வெளியிடச் சம்மதித்தாரா என்று கேட்டார். ஐந்தாமவர் ஒரு வார்த்தையை எடுப்பதற்குப் பதிலாகத் தெர்மிகா முழுவதையுமே புதிய நிரல்மொழியில் மாற்றி எழுதலாமே என்றார். இதற்கு உடனே ஆதரவும் எதிர்ப்பும் கிளம்பி, நூற்று அறுபத்து மூன்று கடிதம் ஓடியது. அவற்றில் எதிலும் குளிர் என்ற சொல் வரவில்லை.

தோப்பில் மொட்டுகள் பருத்து நுனி வெளுத்துவிட்டன. வெசெலா இளைத்துப்போனாள். மேசை மேல் சூரியகாந்தி விதைத் தோல் குவிந்து கிடந்தது.

"ஒரு வார்த்தையை எடுக்கறதுக்கு இதுவரைக்கும் நாலாயிரம் வார்த்தை எழுதியிருக்கேன்," என்றாள் என்னிடம். "அவங்க கெட்டவங்க இல்ல, அதான் கஷ்டமா இருக்கு. ஒருத்தர் விடாம எல்லாரும் நன்றி சொல்றாங்க."

எனக்கு அவர்கள்மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. கிளிமெந்த் எழுதச் சொன்னால் எழுதுவான்.

மார்ச் இருபத்தாறாம் தேதி தெர்மிகாவின் வழிநடத்தும் குழு காணொளியில் கூடியது. இருநூற்றுப் பன்னிரண்டுக்காகவே தனிக்கூட்டம். சங்கத்தின் கூடத்தில் பெரிய திரையை மாட்டி வெசெலா உட்கார்ந்தாள், பின்னால் மெத்தோடி, கிளிமெந்த், நான். குழுத் தலைவர் ஃப்ளோரிஸ், ஹாலந்துக்காரர், நல்ல முகவெட்டு, பின்னணியில் செடிகள். அவர் பேசியதை வெசெலா எங்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இருநூத்திப் பன்னெண்டு வெறும் பிழை இல்லீங்க, நண்பர்களே. அது நம்ம வீட்டு வாசல். நாலு வருஷத்துல தொண்ணூத்தி நாலு புது ஆளுங்க அந்த வாசல்ல வந்து நின்னிருக்காங்க. உள்ள யாரும் வரல, அது வேற விஷயம். வந்து நின்னவங்க எத்தன பேருன்னு பாத்துத்தான் அறக்கட்டளை நமக்கு வருஷா வருஷம் நிதி குடுக்குது. வெசெலா ரொம்பத் திறமையா அதைத் திருத்திட்டாங்க, பாராட்டறேன். ஆனா அடுத்து வர்ற புது ஆளு எதைத் திருத்துவாரு? கஷ்டமான பிழை ஆயிரத்து நூறு இருக்கு. அதுல ஒண்ணைக் குடுக்கலாம்னா, அதெல்லாம் நமக்கே என்னன்னு புரியல."

குழுவினர் கனிவோடு தலையசைத்தார்கள். வெசெலா எழுந்து நின்றாள். உட்கார்ந்து பேசினால் போதும் என்பது அவளுக்கு மறந்துவிட்டது.

"இன்னும் பத்துப் பன்னெண்டு நாள்ல இங்க பூ பூத்துரும்," என்றாள். "பெட்டி ஊதலன்னா எல்லாம் கருகிரும். இந்த வருஷமும் போச்சுன்னா எங்க ஊர்ல மரமே இருக்காது. ஒரே ஒரு வார்த்தைதான். தயவு செஞ்சு எடுத்துருங்க."

ஃப்ளோரிஸ் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"உங்க வேதனை எங்களுக்குப் புரியுது. அதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க, நம்ம இணையப் பக்கத்துல முதல்ல போடறோம்."

பிறகு வாக்கெடுப்பு நடந்தது. இருநூற்றுப் பன்னிரண்டைத் திருத்தலாம் என்று ஏகமனதாக முடிவாயிற்று. ஒரு நிபந்தனை. வாசல் ஒரு நாள்கூட மூடியிருக்கக் கூடாது என்பதால், அதே அளவு எளிய வேறொரு பிழையை வெசெலா முதலில் செய்து தர வேண்டும். யாருக்கும் தீங்கு செய்யாததாக, ஒரு புதியவர் ஒரே நாளில் திருத்தக்கூடியதாக இருக்க வேண்டும். புதிய பிழை ஏப்ரல் பதிப்பில் வரும். பழைய பிழையின் திருத்தம், புதிய வாசல் நிலைபெற்ற பிறகு, அக்டோபரில்.

அக்டோபரில் எங்கள் மரத்தில் இலைகூட இருக்காது. திரை அணைந்ததும் மெத்தோடி தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"ஒரு ஓட்டையை அடைக்கறதுக்கு இன்னொரு ஓட்டை போடச் சொல்றான். இவனுக்கு நம்ம ஊர்ப் பஞ்சாயத்துல வேலை குடுக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். ரம்பம் அவர் வண்டியிலேயே இருந்தது.

வெசெலா போகவில்லை. அங்கேயே கணினியைத் திறந்துகொண்டாள். மறுநாள் காலை அவள் செய்த பிழை தயாராக இருந்தது, ஒரே ஒரு வரி. நள்ளிரவுக்கும் சூரிய உதயத்துக்கும் இடையில் வெப்பம் ஏறினால் சங்கு ஊது.

யாருக்கும் பயன்படாத வரி. குளிர் வந்தால் ஊத வேண்டிய பெட்டி வெப்பம் ஏறினால் எதற்கு ஊத வேண்டும்? தீங்கு உண்டா என்று குழு கேட்டது. சூரியன் இல்லாத நேரத்தில் வெப்பம் ஏறாது, எப்போதாவது மேகம் திரண்டால் கொஞ்சம் ஏறும், அன்றைக்கு யாருக்காவது தூக்கம் கெடும், அவ்வளவுதான் என்று வெசெலா எழுதினாள். ஏழு மதிப்பீட்டாளர்களும் பதினொரு நிமிடத்தில் ஒப்புதல் தந்தார்கள். புள்ளியைப் பற்றி யாரும் பேசவில்லை. தன் பதினேழு வருட அனுபவத்தில் இவ்வளவு சுத்தமான தேவையற்ற வரியைப் பார்த்ததில்லை என்று ஃப்ளோரிஸ் எழுதினார். எனக்கு வெசெலாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அலைக்கழித்து அலைக்கழித்து அவளையும் தங்களைப் போல ஆக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

ஏப்ரல் நான்காம் தேதி புதிய பதிப்பு பெட்டிகளுக்கு வந்து சேர்ந்தது, பழைய பிழையும் புதிய பிழையுமாக. ஒன்பதாம் தேதி பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளையாகப் பூத்தது. மணிக்கட்டு நூல்களை அவிழ்த்துப் பூத்த கிளைகளில் கட்டினோம். மெத்தோடியும் கட்டினார், யாரையும் பார்க்காமல்.

பன்னிரண்டாம் தேதி விடியப் போகும் நேரத்தில் நூற்று நாற்பது சங்கும் சேர்ந்து ஊதின. நான் முதலில் கைபேசியைத்தான் பார்த்தேன். மூன்று மணிக்கு ஒரு டிகிரி. நான்கு மணிக்கு இரண்டு டிகிரி, உறைபனி அபாயம் இல்லை, இனிய நாளாக அமையட்டும். அப்புறம் ஏன் ஊதுகிறது என்று சபித்துக்கொண்டே கதவைத் திறந்தேன். வாசல் வாளியில் தண்ணீர் மேல் கண்ணாடி மாதிரி ஏடு படிந்திருந்தது. பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு. ஆளுக்கு ஒரு பக்கம் ஓடி வைக்கோலைக் கொளுத்தினோம். ஐந்து மணிக்குப் பெட்டி மூன்று டிகிரி என்று சொல்லி இன்னும் உரக்க ஊதியது. வெயில் வந்தபோது எல்லோர் முகமும் கரி, கண்ணெல்லாம் நீர். மரங்களில் பூ வெள்ளையாகவே இருந்தது. மெத்தோடி ஒரு கிளையை இழுத்துப் பூவைப் பிரித்து நடுவில் பச்சையாக இருக்கிறதா என்று பார்த்தார். அடுத்த கிளையைப் பார்த்தார். பிறகு அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதார்.

கிளிமெந்த்துக்கு மட்டும் புரியவில்லை. பெட்டி சரியாகிவிட்டதா என்று கேட்டான்.

"இல்லண்ணே, அது இன்னும் தப்பாத்தான் அளக்குது," என்றாள் வெசெலா. "குளிர் கூடினா அதுக்கு வெயில் ஏறுற மாதிரி தெரியும். அதனால வெயில் ஏறினா ஊதுன்னு சொல்லி வச்சேன். சரியானதைச் செய்ய அவங்க விடல. தப்பா ஒண்ணு செய்யச் சொன்னாங்க, செஞ்சேன்."

அடுத்த வாரம் காப்பீட்டு ஆய்வாளர் வந்து பெட்டியில் அதிகாரபூர்வப் பதிப்பு இருப்பதைச் சரிபார்த்துவிட்டுப் போனார். தெர்மிகாவின் இணையப் பக்கத்தில் வெசெலாவின் படம் வந்தது. பங்களித்தவர்கள் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே ‘ஒரு பிழை’ என்று பதிவாகியிருக்கிறது. அவள் செய்த பிழைக்குப் பச்சைப் பட்டையும் ஒட்டி, அதைத் திருத்த வருகிற புதியவர்களுக்கு வழிகாட்டியாக அவளையே நியமித்துவிட்டார்கள்.

முதல் ஆள் ஏப்ரல் இருபதாம் தேதியே வந்துவிட்டார். போர்ச்சுகலில் ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், மரியாதையாக எழுதியிருந்தார். ஒரே வரிதானே, ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுவேன், எடுக்கட்டுமா என்று கேட்டிருந்தார். செய்தி கேட்டு மெத்தோடி ரக்கியாச் சாராயக் கோப்பையைக்கூட முடிக்காமல் சங்க அலுவலகத்துக்கு ஓடி வந்தார்.

"மே பாதி வரைக்கும் பனி பயம் இருக்கும்மா. அந்த ஆளு நாளைக்கே எடுத்துட்டா நம்ம கதி?"

வெசெலா விதையைக் கொரித்துக்கொண்டே கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

"செர்ரி பழுத்து, பறிச்சு, வித்து, மிச்சத்துல ஜாம் காய்ச்சி, அந்த ஜாமும் தீர்ந்து போற வரைக்கும் அவரால அதைத் தொட முடியாதுண்ணே. முதல் படிவத்தை நானே அனுப்பிட்டேன்."